வன்முறைக்கு இடம் உண்டோ?

1908-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 10-ஆம் நாள் காலைப் பொழுது. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத் தெருவொன்றின் வழியே இந்தியர் சிலர் அரசாங்க அலுவலகம் ஒன்றை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் வழக்கறிஞர் காந்தியார். உடன் சென்றோருள் யூசுப் மியான் என்பவரும், அந்நகரத் தமிழ் மக்களின் தலைவராக விளங்கிய தம்பி நாயுடுவும் இருந்தனர். இந்தியர் யாவரும் தம் பெயரைப் பதிவு செய்து விரலடையாளம் தருதல் வேண்டும் என்னும் இழிவான சட்டத்தை எதிர்த்து அவர்களுள் சிலர் சிறை புகுந்து மீண்டவர்கள். இந்தியர் தாமாகவே முன்வந்து பதிவு செய்துகொண்டால் அச்சட்டத்தை நீக்குவதற்கு அரசினர் இசைந்தனர் என்று காந்தியார் நம்பினார். ஆதலின், முதற்பதிவு தம்முடையதாகவே இருத்தல் வேண்டும் என்று அன்று புறப்பட்டார்.

பட்டாணியர் சிலர் அவ்வாறு எண்ணவில்லை. காந்தியார் தம் மக்களைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று அவர்கள் உள்ளம் கொதித்தனர். மீர் ஆலம் என்னும் பட்டாணியர் அவரை நெருங்கி, எங்கே செல்கிறீர் என்று வினவினார். விடை சொல்லி முடியுமுன் காந்தியாரின் தலைமீது அடி விழுந்தது. இறைவன் திருப்பெயரை மொழிந்தவாறே அவர் நினைவிழந்து வீழ்ந்தார். வீழ்ந்த பின்னும் அடியும் உதையும் ஓயவில்லை. யூசுப் மியானும் தம்பி நாயுடுவும் குறுக்கே நின்று அவற்றுள் சிலவற்றைத் தடுத்தனர். அதனால் அவர்களும் அடிபட்டனர்.

நினைவு திரும்பியதும் காந்தியார் செய்த முதற் செயல்களுள் ஒன்று, தம்மை அடித்தவர்களை விடுவிக்குமாறு அரசாங்க வழக்கறிஞருக்குத் தந்தி அனுப்பியதாகும். அவர்கள் தாம் செய்வது சரியென்று நம்பியே செய்தனர். ஆதலின் அவர்கள்மீது வழக்குத் தொடர்தல் தமக்கு விருப்பமன்று என்று அவர் தெரிவித்தார். ஆயினும், பொதுத்தெருவில் நிகழ்ந்த குற்றத்தை ஒருவர் மன்னித்துவிட முடியாது என்று அந்நகர வெள்ளையர் வற்புறுத்தினமையால், அவர்கள் மீண்டும் பிடிக்கப்பட்டுத் தண்டனை பெற்றனர்.

இந்நிகழ்ச்சி இதனோடு முடிந்திருப்பின், மன்னிக்கும் பண்புக்கு ஒரு சான்றாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் காந்தியாரின் மூத்த மைந்தர் தந்தையாரிடம் ஒரு வினாவை எழுப்பினார். 'நீங்கள் அடிபட்டபோது நான் அங்கிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய் உங்கள் சாவைக் கண்டிருக்க வேண்டுமா? என் உடல் வலியைக் கொண்டு உங்களைக் காத்திருக்க வேண்டுமா?' என்பது அதன் கருத்து. வினவியவர் மகன், வினவப்பட்டவர், தம்மைக் கொல்ல முயன்றோரையும் மன்னித்தவர். 'அமைதியாக நின்றிருப்பாயாக' என்னும் விடையை நாம் எதிர்பார்ப்போம். தந்தையார் கூறியதோ வேறு. வன்முறையைக் கைக்கொண்டேனும் தம்மைக் காப்பது மகனது கடமை என்றார் அவர்.

இதனைக் காந்தியடிகளே 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 'யங் இந்தியா' இதழில் எழுதியுள்ளார். கோழைத்தனம், வன்முறை என்னும் இரண்டனுள் ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டிய நிலை நேருமாயின், தாம் வன்முறையையே பரிந்துரைப்பதாக அக்கட்டுரையில் அவர் வெளிப்படையாகக் கூறினார். பூனையின் வாயில் அகப்பட்ட எலி பூனையை மன்னித்துவிட்டது என்று சொல்வார் உண்டோ? ஒறுக்கும் ஆற்றல் உடையவன் ஒறுக்காது விடுதலே பொறை எனப்படும். அஞ்சி ஒடுங்குவதற்கு அறத்தின் பெயரைச் சூட்டுதல் பொய்ம்மை என்பது அடிகளின் துணிபு.

இச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, 'காந்தியடிகளே அடிக்கச் சொன்னார்' என்று பூசலுக்கு எழுவாரும் உளர். அவர்கள் அந்த வாக்கியத்தின் முற்பகுதியை மறந்து பிற்பகுதியை மட்டும் நினைவிற் கொண்டவராவர். இரண்டே வழிகள் உள்ள இடத்துக்குத்தான் அவ்விதி பொருந்தும். ஜோகன்னஸ்பர்க் தெருவில் அன்று மூன்றாவது வழியும் இருந்தது. தம்பி நாயுடுவும் யூசுப் மியானும் ஓடவுமில்லை. அடியைத் தம் உடலில் ஏற்றும் தடுத்தும் நின்றனர். கோழைக்கும் கொலைஞனுக்கும் இடையே இத்தகையோர்க்கு இடம் உண்டு. அந்த இடம் எல்லோர்க்கும் எளிதில் கிட்டுவதன்று. கிட்டாதவன் ஓடிப்போவதினும் எதிர்த்து நிற்றல் மேல் என்பதே மகனுக்குக் கிடைத்த விடையின் உட்பொருள்.

இக்கருத்தை நடைமுறையிற் கொணர முயன்றபோது அடிகள் இடர்ப்பட்டதும் உண்டு. 1918-ஆம் ஆண்டில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், குசராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று ஆங்கிலப் படைக்கு ஆள் திரட்டினார். அதே ஆண்டில் அம்மாவட்ட உழவர்கள் அவர் தலைமையில் நிலவரி கொடாமல் அறப்போர் நிகழ்த்தியிருந்தனர். அப்பொழுது வண்டியைக் கூலியின்றித் தந்தவர்கள், இப்பொழுது கூலிக்கும் தர முன்வரவில்லை. 'இன்னா செய்யாமையைப் போற்றும் நீர் எங்களைப் படைக்கலம் ஏந்துமாறு எப்படிச் சொல்லலாம்?' என்று அவ்வுழவர்கள் கேட்டனர். படைக்கலம் எடுக்கத் தெரியாதவனுக்கு அதனைத் துறத்தல் பெருமையாகாது என்பதே அடிகளின் எண்ணம். ஆயினும், மகனுக்கு அளித்த விடையிற் காணும் தெளிவை இங்கே நாம் காணவில்லை. தந்தையின் உயிரைக் காக்க எழுவதும், தொலைநாட்டுப் போர்க்களத்தில் அறியாதாரோடு பொருவதும் ஒன்றாகுமோ? கேடா உழவரின் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

நான்கு ஆண்டுகள் கழிந்தபின் வந்த சோதனை இவற்றினும் கடியது. அதற்கு ஒரு நாடே விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

1922-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் கொழுந்துவிட்டு எரிந்தது. பல்லாயிரவர் சிறையில் இருந்தனர். பிப்பிரவரித் திங்கள் முதல் நாள் காந்தியடிகள் அரசப் பிரதிநிதியாகிய ரீடிங் பிரபுவுக்கு இறுதிக் கடிதம் எழுதினார். சூரத்து மாவட்டத்தில் ஏறத்தாழ 87,000 மக்கள் வாழ்ந்த பர்தோலி வட்டத்தில், ஒருங்குகூடிச் சட்டத்தை மறுக்கும் போரைத் தொடங்கப் போவதாக அதில் அறிவித்திருந்தார். நாடு முழுவதும் பர்தோலியை நோக்கிக் கண் இமையாது காத்திருந்தது.

அப்பொழுது, பர்தோலிக்கு நெடுந்தொலைவில், ஐக்கிய மாகாணத்தின் கோரக்பூர் மாவட்டத்தில் சௌரி சௌரா என்னும் சிற்றூரில் தீமூண்டது. சில நாள்களுக்கு முன் அப்பகுதிச் சந்தையில் காங்கிரசுத் தொண்டர்களைக் காவலர் அடித்திருந்தனர். பிப்பிரவரி 4-ஆம் நாள் மக்கள் திரண்டு ஊர்வலமாக வந்தனர். காவல் நிலையத்தின் அருகே பூசல் எழுந்தது. காவலர் துப்பாக்கியால் சுட்டனர். கூட்டத்தில் மூவர் மாண்டனர். குண்டுகள் தீர்ந்ததும் காவலர் நிலையத்தினுட் புகுந்து தாழிட்டுக்கொண்டனர். சினம் கொண்ட கூட்டத்தார் மண்ணெண்ணெய் ஊற்றி அக்கட்டடத்துக்குத் தீ வைத்தனர். எரியினின்று தப்பி வெளியே வந்தோரும் உயிர் பிழைக்கவில்லை. இருபதுக்கு மேற்பட்ட காவலர் அன்று மாண்டனர். அவர்களும் இந்தியரே, ஏழைக் குடும்பங்களிற் பிறந்து கூலிக்கு வேலை பார்த்தவர்கள்.

கூட்டத்தார் சார்பிற் சொல்லத்தக்கன இல்லாமல் இல்லை. முதலில் அடித்தவர் காவலர்; முதலில் உயிர் கவர்ந்தவரும் காவலரே. அந்நிய ஆட்சியில் ஏழை உழவன் முறையிட்டால் கேட்பார் யார்? இவை யாவும் உண்மையே. காந்தியடிகளும் இவற்றை மறுக்கவில்லை. காவலர் மிகுதியும் சினமூட்டினர் என்பதை ஒப்புக்கொண்டே தம் இதழில் எழுதினார். ஆனால், படைக்கலம் இழந்து, கூட்டத்தின் அருளையே நம்பி அடைபட்டுக் கிடந்தவர்களைக் கொன்றதற்கு எத்தகைய சினமூட்டலும் ஞாயம் ஆகாது என்று அறுதியிட்டுக் கூறினார்.

இவ்விடத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். காவலர் சுட்டுக்கொண்டிருந்த பொழுது அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பறிக்க ஒருவன் பாய்ந்திருந்தால், அவனை அடிகள் தம் மைந்தனுக்குரிய தராசிலேயே நிறுத்தியிருக்கலாம். குண்டு தீர்ந்து கதவு சாத்தப்பட்ட பின், காத்தற்கு அங்கு எவருடைய உயிரும் இல்லை. எஞ்சியிருந்தது பழி ஒன்றே. சில நாழிகை நேரத்திற்குள், அதே ஊரில், அதே மக்கள் கூட்டத்தில், தற்காப்பு கொலையாக மாறிவிட்டது. மாறிய நொடியைக் கூட்டத்தில் இருந்தோர் அறிந்திருக்க மாட்டார்கள். கூட்டத்திற்குக் கைகள் ஆயிரம். நின்று எண்ணிப் பார்க்கும் நெஞ்சு ஒன்றும் இல்லை.

'தீயோரை ஒறுத்தல் அறமே அன்றோ?' என்று கேட்கலாம். கொல்லாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே, செங்கோன்மை அதிகாரத்தின் இறுதியில், கொலையிற் கொடியாரை வேந்தன் தண்டித்தலை உழவன் பைங்கூழைக் காக்கக் களைபறித்தலோடு ஒப்பிடுகின்றார். ஆனால் அதே அதிகாரத்தின் முதற் குறளில், குற்றத்தை ஆராய்ந்து, எவரிடத்தும் கண்ணோட்டம் கொள்ளாது, நடுவு நின்று முறைசெய்தல் வேண்டும் என்பது கூறப்பட்டுள்ளது. களை எது, பயிர் எது என்று அறிந்தவனுக்கே களைக்கொட்டு உரியது. சௌரி சௌராவில் தீ வைத்தவர்கள், சுட்டவன் யார், சுடாதவன் யார் என்று ஆராயவில்லை.

ஆராய்வதற்கென்றே அமைந்த மன்றமும் பிழைபடுதல் உண்டு. அந்நிகழ்ச்சிக்காக 200-க்கு மேற்பட்டோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1923-ஆம் ஆண்டு சனவரியில் அமர்வு நீதிமன்றம் 172 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் மாளவியா அவர்கள் வாதாடினார். உயர் நீதிமன்றம் அவர்களுள் 19 பேருக்கு மட்டுமே அத்தண்டனையை உறுதி செய்தது, அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். முதல் தீர்ப்பே நிலைபெற்றிருந்தால், எத்தனை பயிர்கள் களையோடு பறிக்கப்பட்டிருக்கும்! சட்டத்தின் கையிலுள்ள வாளும் வாளே என்பதை இவ்வெண்கள் நினைவூட்டுகின்றன.

செய்தி பர்தோலிக்கு எட்டியது. காந்தியடிகள் துடித்துப் போனார். பிப்பிரவரி 11, 12-ஆம் நாள்களில் காங்கிரசுச் செயற்குழு அங்கே கூடி, போரை நிறுத்தி வைத்தது. அடிகள் ஐந்து நாள் உண்ணா நோன்பு ஏற்றார்.

நாட்டில் எழுந்த சினம் சிறிதன்று. சிறையில் இருந்த மோதிலால் நேருவும் லஜபதி ராயும் வருந்திக் கடிதம் எழுதினர். இளைஞராகிய ஜவகர்லால் நேருவும் அப்பொழுது இலட்சுமணபுரிச் சிறையில் இருந்தார். எங்கோ ஒரு மூலையிலுள்ள சிற்றூரில் சிலர் நெறி தவறினால் முப்பது கோடி மக்களின் விடுதலைப் போர் நிற்க வேண்டுமா என்னும் கேள்வி அவர் நெஞ்சை அலைத்தது. இதனை அவர் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வேலையை விட்டவர், கல்லூரியைத் துறந்தவர், சிறையில் வாடியவர் எத்தனை பேர்! அவர்கள் செய்த தியாகம் ஒரே நாளில் வீணாயிற்றே என்று கலங்கியதில் வியப்பில்லை. அவர்கள் கேட்டது கோழையின் வினாவும் அன்று. கொலைஞனின் வினாவும் அன்று. நோக்கம் இத்துணைப் பெரிதாக இருக்கும்போது, வழியில் நேர்ந்த ஒரு கொடுமையைப் பொறுத்துக்கொண்டு மேலே செல்லலாகாதா என்பதே அது.

அடிகளின் நோக்கு வேறாக இருந்தது. நாட்டின் பெயரால் ஒரு முறை நிகழ்ந்த கொலையைத் தலைவன் வாளாவிருந்து ஏற்பானாயின், அடுத்த ஊரில் அதுவே முறையாகிவிடும். கொல்லப்பட்டவர்களின் கணக்கும் யாரேனும் ஒருவர் தலையில் ஏறியாக வேண்டும். அக்கணக்கைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டதில்தான் அவருடைய தனிச் சிறப்பு விளங்குகின்றது.

மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப்பட்டார். 18-ஆம் நாள் ஆமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டு முன்னிலையில் வழக்கு நடந்தது. 'யங் இந்தியா'வில் எழுதிய மூன்று கட்டுரைகள் அரசுக்கு எதிரானவை என்பது குற்றச்சாட்டு. சௌரி சௌராவைப் பற்றித் தனிக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆயினும், அரசாங்க வழக்கறிஞர் அதனையும், வேல்ஸ் இளவரசர் வந்தபோது பம்பாயிலும் சென்னையிலும் நிகழ்ந்த கலகங்களையும் சுட்டிக் காட்டியபோது, அடிகள் எழுந்து, அவற்றின் பொறுப்பிலிருந்து தாம் விலகி நிற்க இயலாது என்று கூறினார். தாம் நெருப்போடு விளையாடியதை அறிந்தே செய்ததாகவும் ஒப்புக்கொண்டார். சட்டத்தில் உள்ள மிகக் கடுமையான தண்டனையைத் தமக்கு விதிக்குமாறு கேட்டார். நீதிபதி ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார். சௌரி சௌரா நெடுந்தொலைவில் இருந்தது, தீ வைத்தவரைத் தாம் கண்டதும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. அவர் அதனைச் சொல்லவில்லை.

இத்துணைக் கண்டிப்பு உடைய ஒருவரே ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஓர் உயிரைக் கொல்லச் செய்தார் என்றால், கேட்போர் திடுக்கிடுவர். 1928-ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று ஊனமுற்றுக் கிடந்தது. அது புரளவும் இயலாமல் துன்புற்றது. மருத்துவர் வந்து பார்த்து, இனிப் பிழைக்காது என்று கைவிட்டார். நோவோ நீங்கவில்லை. அடிகள் ஆசிரமத்தாரைக் கலந்து ஆராய்ந்தார். உயிரைப் படைக்க இயலாதவர்க்கு அதனைப் போக்கவும் உரிமை இல்லை என்று நண்பர் ஒருவர் வன்மையாக எதிர்த்தார். தந்நலம் கருதிக் கொல்லும்போதுதான் அவ்வாதம் பொருந்தும் என்பது அடிகளின் மறுமொழி. பின்னர் மருத்துவரை வருவித்து, தம் கண்முன்னே நச்சு மருந்து ஏற்றச் செய்தார். இரண்டு நிமிடங்களுக்குள் கன்றின் துன்பம் தீர்ந்தது.

பசுவைத் தெய்வமாகப் போற்றும் நாட்டில், அதிலும் எறும்புக்கும் தீங்கு எண்ணாத சமணர் மலிந்த ஆமதாபாத்தில், இச்செய்தி பெரும் புயலைக் கிளப்பியது. கடிந்து எழுதிய கடிதங்கள் குவிந்தன. மனிதருக்கும் இவ்வாறு செய்வீரோ என்று சிலர் வினவினர். மனிதருக்கும் விதி அதுவே என்றும், ஆனால் மனிதரின் துன்பத்தைத் தணிக்க வேறு வழிகள் பெரும்பாலும் உள்ளன என்றும் அவர் விடை எழுதினார். இவ்விடைக்கு எல்லோரும் இசைந்துவிடவில்லை. துன்புறுவோரின் உள்ளத்தை மற்றொருவர் முற்றும் அறிதல் அரிதாகலின், இவ்வழியில் அடியெடுத்து வைக்க நாம் அஞ்சுதலே தகும். அடிகள் கன்றுக்காகச் செய்ததை, நோயாளியைச் சுமையாக எண்ணுவோர் தமக்காகச் செய்துகொள்ளக் கூடும் அன்றோ?

அவ்வச்சம் அடிகளுக்கும் இருந்தது என்பதற்கு அக்கட்டுரையின் பிற்பகுதியே சான்று. ஆசிரமத் தோட்டத்தில் குரங்குகள் புகுந்து பழங்களையும் காய்கறிகளையும் பாழாக்கி வந்தன. கன்றைக் கொல்லுதல் கன்றின் நன்மைக்காக; குரங்கைக் கொல்லுதலோ நம் நன்மைக்காக. ஆகவே, முன்னது இன்னா செய்யாமையுள் அடங்கலாம். பின்னது, வேறு வழியின்றிச் செய்ய நேரினும், கொலையே ஆகும் என்று அவர் எழுதினார். தேவை என்பதனால் கொலையின் பெயரை மாற்றிவிட அவர் உடன்படவில்லை. உழுது பயிரிட்டு உண்ணும் எவரும் பயிரை அழிப்பனவற்றிடமிருந்து அதனைக் காத்தாக வேண்டும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. குரங்குகளை என் செய்வது? தந்தையைக் காக்கும் மகனுக்கும், தீ வைத்த கூட்டத்திற்கும், துடித்த கன்றுக்கும் தெளிவாக விடை கண்டவர், இதற்கு மட்டும் தாம் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதை ஒளியாமல் இதழிலேயே வெளியிட்டார்.